ஹீட் முள்ளுக்குக் காவல்

"தண்ணி எங்கதான் போகுது?" என்று கேட்டார் பொன்னையா. கேட்டது மனைவியையா எஞ்சினையா என்று சொல்ல முடியாது. தலை பொனட்டுக்குள் இருந்தது.

பொகவந்தலாவைக்கு ஏறும் வளைவு ஒன்றில் கெப் வண்டி நின்றிருந்தது. பின்னால் ஒரு இரும்பு அலுமாரி, கயிறு கட்டி மல்லாத்திப் போட்டிருந்தது. அதன் கண்ணாடிக் கதவில் மூடுபனி மெதுவாக ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.

நாகலெட்சுமி தண்ணீர்க் கேனைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வானத்தைக் குனிந்து பார்ப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"ரோட்டுல ஒழுகுதான்னு பாத்தியா புள்ள?"

"பாத்தேங்க. ரோடு பூராவும் ஈரமாத்தான் இருக்கு."

"அது மழத் தண்ணி."

"மழத் தண்ணி எது, நம்ம தண்ணி எதுன்னு அதுல பேரா எழுதியிருக்கு?"

பொன்னையா தலையை வெளியே எடுத்தார். மூக்கில் கறுப்பாக எண்ணெய். கேனை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். ரேடியேட்டர் பாலைவனத்திலிருந்து வந்த விருந்தாளி மாதிரி மடக் மடக்கென்று குடித்தது.

வண்டிக்கு இரண்டு வியாதி. ஒன்று, இந்தத் தண்ணீர்த் தாகம். மற்றது, ஏற்றத்தில் மிஸ் அடிப்பது. டுக் டுக் டுக்கென்று நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்; திடீரென்று ஒரு டுக்கை விழுங்கிவிடும். உடனே வண்டி விக்கல் எடுத்ததுபோல் குலுங்கும். பின்னால் இருக்கும் சாமானும் ஒருமுறை குலுங்கும்.

பொன்னையா தோட்டத்து லொறியைப் பல வருஷம் ஓட்டியவர். ஓய்வு கிடைத்ததும் இந்தப் பழைய கெப்பை வாங்கி ஹயருக்கு விட்டார். கட்டில், கரட் மூட்டை, கல்யாணக் கதிரை, யாராவது வீடு மாறினால் மொத்த வீடு என்று எதையும் ஏற்றுவார். தூரத்து லொறியின் நம்பரைக்கூட வாசித்துவிடும் கண் அவருக்கு. கிட்டத்தில்தான் ஒன்றும் தெரியாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த ஹீட் முள், அந்த ஈர்க்குச்சி அளவு சாமான், அவர் கண்ணுக்கு ஒரு புகைதான். அந்த முள் சிவப்புக்குப் போகும் முன் வண்டியை நிறுத்தாவிட்டால் எஞ்சின் வெந்துவிடும்.

அதனால்தான் வியாதி வந்த முதல் வாரத்திலேயே அவர் சொன்னார்: "நீ வந்து பக்கத்துல உக்காந்து முள்ளப் பாரு."

நாகலெட்சுமி கொழுந்து பறித்து ஓய்ந்தவள். வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரே மலையின் முகத்தைப் பார்த்துக் கழித்திருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. இப்போது முள்ளுக்குக் காவல் என்ற பேரில் அந்தப் பக்கமெல்லாம் வந்து பார்த்தாள். பட்டிப்பொல ஸ்டேஷனில் ஒரு சோபாவை இறக்கிக்கொண்டிருந்தபோது, வெள்ளையாகக் கிடந்த பனிக்குள்ளிருந்து ரயில் ஒன்று சத்தமில்லாமல் வந்தது. நின்றது. யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை. மறுபடியும் பனிக்குள் போய்விட்டது. "நெசமாவே ரயில் வந்துச்சாங்க?" என்று அவள் திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"வந்துச்சு."

"நீங்களும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப சரி."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றைக் காம்பராவுக்குள் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், சத்தமான ஒரு டீவி. அங்கே இவர்கள் இருவருக்கும் பேச்சு என்றால் "சோறு இருக்கா?", "இருக்கு" இரண்டும்தான். கெப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் வேறு உலகம். கண்ணாடிக்கு வெளியே பனி. உள்ளே எஞ்சின் சூடு. அந்தச் சூட்டில் எத்தனையோ வருஷத்துப் பேச்சு ஒவ்வொன்றாக உருகி வந்தது.

மலைக்கு மலை கூப்பிட நாகலெட்சுமி விசிலடிப்பாள் என்பது பொன்னையாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. பொன்னையாவுக்குப் பாகற்காய் பிடிக்காது என்பது நாகலெட்சுமிக்கு இப்போதுதான் தெரிந்தது.

"இத்தன வருஷமா ஏங்க சொல்லல?"

"நீ கேக்கலியே."

"தட்டுல ஒன்னு விடாம சாப்பிட்டீங்களே!"

"நீ போட்டியே!"

அவள் சிரித்த சிரிப்பில் முள்ளைப் பார்க்க மறந்துபோனாள். அன்றைக்குத்தான் வண்டி முதன்முதலாகக் கொதித்து நுரை தள்ளியது.

அதன் பிறகு தள்ளிப்போட முடியவில்லை. வண்டியை ஹட்டனுக்குக் கொண்டுபோய் மெக்கானிக் செல்லசாமி பாஸிடம் விட்டார்கள். செல்லசாமி எஞ்சினை ஓடவிட்டு, ஒரு டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு, காதலியின் கடிதத்தைப் படிப்பவர்போல நெடுநேரம் குனிந்து நின்றார். பிறகு ஒரு ரப்பர் ஹோஸைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தா பாருங்கண்ணே. ஹோஸ்ல ஊசி மொனை அளவு ஓட்ட. தண்ணி பூப்பூவா வெளிய தெறிக்குது. ஃபேன் காத்து அதக் கொண்டுபோய் பிளக் வயர் மேல அடிக்குது. வயர் நனைஞ்சா மிஸ் அடிக்காம என்னா செய்யும்? ரெண்டு வியாதிக்கும் வேர் ஒன்னுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் பொன்னையா.

"அவ்வளவுதான்."

ஹோஸை மாற்றியதும் வண்டி பூனைபோல் உறுமியது. ஹட்டனிலிருந்து லயம்வரை முள் அசையவேயில்லை. நாகலெட்சுமி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். செத்த பாம்பைப் பார்ப்பதுபோல் இருந்தது.

செய்தி அவர்களுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. மருமகள் பிரியந்தி வாசல் இஸ்தோப்பிலேயே வரவேற்றாள்.

"வண்டி நல்லாயிருச்சாமே மாமி! நல்லவேள. இந்த வயசுல நீங்க ஏன் குளிர்ல அலையணும்? இனி வீட்டோட இருங்க."

அதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது? வண்டி சுகமாக இருக்கும்போது, முடி நரைத்த புருஷனும் பெண்டாட்டியும் காரணமில்லாமல் கெப்பில் சுற்றினால் லயமே வாசலில் நின்று சிரிக்கும்.

மறுநாள் காலையில் பொன்னையா எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை ஹோர்ன் அடித்தார். நாகலெட்சுமி ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே பிரியந்தியும் வந்தாள்.

"என்னாங்க?"

பொன்னையா இருவரையும் பார்த்தார். "ஒன்னுமில்ல. ஹோர்ன் வேல செய்யுதான்னு பாத்தேன்."

"செய்யுது மாமா, நல்லாக் கேட்டுச்சு" என்றாள் பிரியந்தி.

வண்டி போய்விட்டது. நாகலெட்சுமி இஸ்தோப்பில் உட்கார்ந்து போஞ்சி நார் உரித்தாள். பாதை மலையைச் சுற்றி ஏறுவதும், வெள்ளைப் புள்ளியாகக் கெப் ஏறுவதும், பிறகு பனி வந்து புள்ளியையும் பாதையையும் கடைசியில் மலையையே துடைத்து விடுவதும் தெரிந்தது. இன்றைக்கு எந்தப் பக்கம் போகிறாரோ. அவர் பக்கத்துச் சீட்டில் இப்போது என்ன இருக்கும்? அவருடைய சாப்பாட்டுப் பார்சல் இருக்கும். அந்தப் பார்சல்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது.

அடுத்த நாள் விடியும் நேரத்தில், விறகு எடுக்கப் போகிறவள்போலப் போய், நாகலெட்சுமி கெப்பின் முன்னால் குந்தினாள். ரேடியேட்டரின் அடியில் தண்ணீரை இறக்கிவிட ஒரு சின்னக் குழாய்த் திருகு உண்டு. ஹோஸ் மாற்றும்போது செல்லசாமி பாஸ் அதைத் திறந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். "முனியாண்டி, இது களவு இல்ல, சும்மா ஒரு சொட்டு" என்று வேண்டிக்கொண்டு அரைத் திருப்பு திருப்பினாள். ஒரு சொட்டு யோசித்தது, விழுந்தது. இன்னொன்று யோசித்தது.

மத்தியானமே பொன்னையா திரும்பி வந்துவிட்டார்.

"தண்ணி மறுபடியும் போகுது" என்றார். முகம் நிஜமாகவே கலங்கியிருந்தது. "மிஸ்ஸும் அடிக்குது."

தண்ணீர் போவது சரி, மிஸ் எப்படி அடிக்கும் என்று ஒரு கணம் நாகலெட்சுமிக்குத் தோன்றியது. ஆனால் பாஸ்தான் சொன்னாரே, இரண்டுக்கும் வேர் ஒன்று என்று.

"பாஸ்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். அவருக்கும் புடிபடல. போகப் போகப் பாப்போம்னாரு." பொன்னையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உள்ளே பிரியந்திக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "நாளைக்கு நீ வந்தாத்தான் ஆகும். முள்ளப் பாக்க ஆளு வேணும்!"

"ஐயோ, இந்தக் குளிர்லயா?" என்றாள் நாகலெட்சுமி. சொல்லிக்கொண்டே கம்பளிச் சால்வையைத் தேடத் தொடங்கியிருந்தாள்.

மறுபடியும் அந்த நாட்கள் வந்தன. வழியில் அவர்கள் நின்ற இடங்களுக்கெல்லாம் தண்ணீரால் ஒரு பெயர் கிடைத்தது. பீலித் தண்ணி வளைவு, கோயில் பைப் வளைவு, சிங்களத்து அம்மா வாளி கொடுத்த வளைவு. வண்டி ஆறும்வரை இருவரும் பாதையோரத்தில் குந்தி, கீழே பனி நிரம்பிய பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில நேரம் பனி விலகி ஒரு லயத்துக் கூரையும் காயப்போட்ட சேலையும் தெரியும், மறுபடி மூடிக்கொள்ளும். யாரோ கனவைத் திறந்து மூடுவதுபோல.

ஆனால் தண்ணீர் போகிற கவலை பொன்னையாவை அரித்தது. கண்டவர்களிடமெல்லாம் கேட்டார். ரேடியேட்டர் மூடியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். நாகலெட்சுமி திருகை இன்னும் கொஞ்சம் திறந்தாள். கசிவை அடைக்கும் தூள் ஒன்று இருப்பதாக ஒரு லொறி டிரைவர் சொன்னார். பொன்னையா வாங்கிக் கொட்டினார். தூள் நல்ல தூள். போய் நேராக அந்தக் குழாயையே அடைத்துவிட்டது. ஒரு முழு நாள் ஒரு சொட்டு விழவில்லை. முள் அசையவில்லை. வண்டி விக்கல் மட்டும் எடுத்தது.

"தண்ணி நின்னுருச்சு போலயே!" என்றார் பொன்னையா சந்தோஷமாக.

நாகலெட்சுமி முள்ளை விரலால் தட்டிப் பார்த்தாள். மறுநாள் விடியற்காலையில் கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைக் குத்திவிட்டாள். அவசரத்தில் திருகு எத்தனை சுற்றுச் சுற்றியது என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாண ஹயர். கொத்மலைப் பக்கம், பெண் வீட்டிலிருந்து மண்டபத்துக்குக் கதிரைகள் ஏற்றினார்கள். பந்தல் கட்டுகிறவர்களுக்கு என்று மூடிபோட்ட பெரிய வாளியில் பால் தேத்தண்ணியும் கொடுத்துவிட்டார்கள். இஞ்சி தட்டிப் போட்டது. அதை நாகலெட்சுமியின் காலடியில் வைத்தார்கள்.

நீர்த்தேக்கத்துக்கு மேலே போகும் பாதையில் முள் நிமிர்ந்தது. எழுந்து நின்றது. பிறகு ஓடியது.

"செவப்புங்க! செவப்பு! நிப்பாட்டுங்க!"

பொனட்டைத் திறந்ததும் வெளியே இருந்த பனி போதாதென்று உள்ளேயிருந்தும் ஒரு பனி எழும்பியது. கேன் இரண்டும் வழியிலேயே காலி. கீழே கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர், பனி விலகிய இடத்தில் வெயில் பட்டு வெள்ளித் தகடாய் விரிந்து கிடந்தது. கையில் ஒரு சொட்டு இல்லை.

"பைப்பு ஏதும் இருக்கான்னு பாத்துட்டு வாரேன்" என்று பொன்னையா கேனோடு ஓடினார்.

அவர் தலை வளைவில் மறைந்ததும் நாகலெட்சுமி கல்யாணத்துக்கென்று கட்டிய நல்ல சேலையோடு வண்டிக்கு அடியில் புகுந்து திருகை இறுக்கி மூடினாள். எழுந்து பார்த்தாள். எஞ்சின் டிக் டிக்கென்று தனியாக முனகிக்கொண்டிருந்தது. "அடிப் பாவி, கொன்னுட்டியே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முனகல் அடங்கியது. பொன்னையா வரவில்லை. காய்ந்து கிடக்கும் எஞ்சினைப் பார்க்கப் பார்க்க, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் நிற்பதுபோல் இருந்தது. மண்டபத்தில் கதிரை இல்லாமல் கல்யாணம் நிற்கிறது.

அவள் சீட்டடியில் இருந்த தேத்தண்ணி வாளியைப் பார்த்தாள். மூடியைத் திறந்து விரலை விட்டாள். மலைக்காற்றில் தேத்தண்ணி ஆறியிருந்தது. தண்ணீரில் போட்டதுதானே தேத்தண்ணி?

சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பாதி வாளியை ஊற்றினாள். ரேடியேட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பொன்னையா வெறும் கையோடு வந்தார். "பைப்புல காத்துதான் வருது."

"தண்ணி ஊத்திட்டேங்க. சீட்டுக்குப் பின்னால ஒரு போத்தல் இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"இருந்துச்சே."

பொன்னையா ஏறி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். வண்டி விக்கிக்கொண்டே மண்டபம் போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததும் முன்பக்கத்திலிருந்து மெல்லிய ஆவி எழும்பியது.

வாசலில் நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பா அந்த ஆவியை மோந்து பார்த்தார். பெயர் குகநேசன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், அங்கே தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனப் பாடம் கற்பிக்கிறவர். வெகு நல்ல மனிதர்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்கட வாகனம் இனிப்பா மணக்குது. உது நல்லதுக்கில்லை. தண்ணி குறையுதோ?"

"குறையுதுங்க."

"நிலத்தில ஒழுகிறது தெரியுதோ?"

"தெரியலங்க."

"மிஸ் அடிக்குதோ?"

"அடிக்குதுங்க" என்றார் பொன்னையா, ஏனோ தலையைக் குனிந்துகொண்டு.

குகநேசன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டி ஆறும்வரை காத்திருந்து மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். அவர் முகம் துக்க வீட்டு முகமாக மாறியது.

"ஐயோ, பாருங்கோ! அப்பிடியே பால் தேத்தண்ணி மாதிரிக் கிடக்குது."

நாகலெட்சுமி மெல்ல நகர்ந்து பாதி வாளிக்கு முன்னால் நின்றாள்.

"எஞ்சின் ஒயிலும் தண்ணியும் கலந்தால் இந்த நிறந்தான் வரும்" என்றார் குகநேசன். "எஞ்சினுக்குள்ள ஹெட் கேஸ்கட் போயிட்டுது ஐயா. தண்ணி சிலிண்டருக்குள்ள போகுது, அதுதான் மிஸ் அடிக்குது. உள்ளுக்கையே எரிஞ்சு போகுது, அதுதான் நிலத்தில சொட்டைக் காணேல்லை. அதுதான் இந்த இனிப்பு மணமும். எல்லாம் பொருந்துது."

ஜாதகத்தில்கூட இப்படிப் பொருந்தாது. உள்ளே நாதஸ்வரக்காரர் ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப என்னாங்க செய்யிறது?"

"எஞ்சினை இறக்கவேணும். ஆனா இவ்வளவு பழைய எஞ்சினை இறக்கிறதைவிட, வித்துப்போடுறதுதான் புத்தி."

பொன்னையா தான் ஏற்றி வந்த கதிரைகளில் ஒன்றை விரித்து அதில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் கெடுத்துட்டேன்" என்றார் மெதுவாக. "எல்லாம் என் வேலதான்."

"நீங்க என்னா பண்ணீங்க?" என்றாள் நாகலெட்சுமி. அவளுக்கு அழுகை வந்தது. தப்பையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்ளும் மனுஷனுக்கா இப்படிச் செய்தோம்!

சாயங்காலம் ஒரு லொறியில் கயிறு கட்டிக் கெப்பை ஹட்டனுக்கு இழுத்துப் போனார்கள். எஞ்சின் ஓடாத வண்டி பனிக்குள் சத்தமில்லாமல் மிதந்தது. முன்னால் போகும் லொறிகூடத் தெரியவில்லை. கயிறு மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. நாகலெட்சுமி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத ஏன் பாக்குற? எஞ்சினே ஓடலியே."

"பழகிருச்சுங்க."

பொன்னையா கயிற்றைப் பார்த்தபடி ஸ்டியரிங்கைத் திருப்பினார். வெகுதூரம் போனபிறகு, "பழைய வண்டி வாங்குற ஆளு ஒருத்தன் தலவாக்கலையில இருக்கான்" என்றார்.

மறுநாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நாகலெட்சுமி பஸ் ஏறினாள். செல்லசாமி பாஸின் கராஜில் கெப் வாயைத் திறந்தபடி நின்றது. பாஸ் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு திருகைக்கூடத் தொட்டதாகத் தெரியவில்லை. போலீஸ் வரக் காத்திருப்பவர் மாதிரி முகம்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுக்கா" என்றார் அவளைக் கண்டதும். "இவ்வளவு தூரத்துக்குப் போகும்னு நான் நெனைக்கல."

"தம்பி, அது ஒயில் இல்ல. தேத்தண்ணி."

"என்னாது?"

"பால் தேத்தண்ணி. நான்தான் ஊத்துனேன்."

செல்லசாமி ஒரு குச்சியை ரேடியேட்டரில் விட்டு எடுத்து மோந்து பார்த்தார்.

"இஞ்சி போட்டீங்களா?"

"கல்யாண வீட்டுத் தேத்தண்ணி தம்பி. சீனியும் கொஞ்சம் தூக்கல்."

செல்லசாமிக்கு முதலில் மூச்சு வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. டயர் அடுக்கில் சாய்ந்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் ரேடியேட்டருக்குள் பார்த்து மறுபடியும் சிரித்தார்.

"சிரிக்காதீங்க. இன்னமும் இருக்கு." நாகலெட்சுமி சால்வையின் நுனியைத் திருகிக்கொண்டு, திருகையும் கொண்டை ஊசியையும் பற்றிச் சொல்லி முடித்தாள். "வண்டி நல்லாயிருந்தா நான் வீட்டுல இருக்கணும் தம்பி. அவரு பக்கத்துல உக்காந்து போக எனக்கு வேற என்னா காரணம் இருக்கு? வாய் விட்டுக் கேக்குற வயசா இது?"

செல்லசாமியின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கழுவி விட்டா வண்டி ஓடும்ல?" என்று கேட்டாள். "அவரு விக்க வேணாம். ஆனா நான் செஞ்சதுன்னு மட்டும் சொல்லிராதீங்க. தண்ணி போனதும் என்னாலதான், அதனால மிஸ் அடிச்சதும் என்னாலதான். எல்லாத்தையும் ஒத்துக்கிறேன்."

செல்லசாமி பழந்துணியில் கையைத் துடைத்தார். வாசல் பக்கம் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தண்ணி நீங்கதான்க்கா, ஆனா மிஸ் அடிச்சது நீங்க இல்ல, ஹோஸ் மாத்துன மறுநாளே அண்ணன் இங்க வந்து, 'ஒரு பிளக் வயர லூசாக்கி விடுங்க பாஸ், வண்டி குணமானா அவ ஏற மாட்டா'ன்னு என் கையப் புடிச்சுக் கெஞ்சிட்டுப் போனாரு!"